சம்மரி கோர்ட் மார்ஷலுக்கு வக்கீல் வைத்துக்கொள்ளலாமா?

உங்கள் தம்பி சிப்பாய், அவர் மேல் சம்மரி கோர்ட் மார்ஷல் (யூனிட்டின் தலைமை அதிகாரியான சி.ஓ.வே நீதிபதியாக இருந்து நடத்தும் ராணுவ விசாரணை) வரப்போகிறது, வெளியிலிருந்து வக்கீல் வைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வைக்கலாம். ஆனால் விசாரணை அறைக்குள் அந்த வக்கீலால் வாதாட முடியாது. யூனிட் ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இது தெரியாமல் போய் நின்ற பையன்களைப் பார்த்திருப்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

1954-ஆம் ஆண்டு ராணுவ விதிகளில் 129-வது விதி, துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. அவர் வக்கீலாகவும் இருக்கலாம். யோசனை சொல்லலாம், சாட்சியிடம் என்ன கேட்பது என்று எடுத்துக் கொடுக்கலாம். தானே குறுக்கு விசாரணை செய்யவோ, கோர்ட்டைப் பார்த்துப் பேசவோ கூடாது. ஆக, நீதிபதியாக உட்கார்ந்திருக்கும் சி.ஓ. முன்னால் ஒரு சிப்பாய் தன் சுபேதாரைத் தானே கேள்வி கேட்க வேண்டும். எத்தனை பேருக்கு வாய் வரும்? அந்த சி.ஓ. லெப்டினன்ட் கர்னலோ அதற்கு மேலோ என்றால் ஓராண்டு வரை சிறையும் டிஸ்மிஸும் கொடுக்கலாம், மேலிடத்து உறுதிப்பாடு இல்லாமலே உடனே அமலாகும். என்னைக் கேட்டால் இந்த விதி மாற வேண்டும்.

ஜெனரல், டிஸ்ட்ரிக்ட் கோர்ட் மார்ஷல் வேறு. அங்கே டிஃபென்டிங் ஆபீசர், அதாவது சிப்பாய் தரப்பில் வாதாடும் அதிகாரி, உண்டு. கோர்ட்டைக் கூட்டும் அதிகாரி சம்மதித்தால் வக்கீலே வாதாடலாம்.

சரி, தம்பி விஷயத்துக்கு வருவோம். வக்கீலுக்கு உண்மையான வேலை விசாரணைக்கு முன்னால்தான். குற்றச்சாட்டைத் தெரிவித்ததற்கும் விசாரணைக்கும் நடுவில் குறைந்தது 96 மணி நேரம் தர வேண்டும் (ஆக்டிவ் சர்வீஸ், அதாவது போர்க்களப் பணி என்றால் 24). அதற்குள் சார்ஜ் ஷீட்டையும் சம்மரி ஆஃப் எவிடன்ஸையும் (விசாரணைக்கு முன்பே எழுதி வைக்கும் சாட்சிகளின் வாக்குமூலப் பதிவு) வக்கீலிடம் காட்டி, கேள்விகளை எழுதி வாங்கிவிடுங்கள். சம்மரி ஆஃப் எவிடன்ஸ் பதிவாகும்போதே சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய தம்பிக்கு உரிமை உண்டு. முடிந்தால் அதற்கு முன்பே வக்கீலைப் பாருங்கள்.

அப்புறம், "கில்டின்னு ஒத்துக்கோ, லேசா முடிச்சிடுவாங்க" என்று யாராவது சொல்வார்கள். செய்யாத குற்றத்துக்கு அதை நம்பி ஒத்துக்கொள்ள வேண்டாம். ஒப்புக்கொள்வதன் விளைவை விளக்கிய பிறகே அதைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 115-வது விதி. ஒப்புதலுக்குக் கீழே சிப்பாயின் கையெழுத்து இல்லாத தண்டனைகளை நீதிமன்றங்கள் ரத்து செய்ததுண்டு.

தண்டனையே வந்துவிட்டாலும் மனம் தளர வேண்டாம். டிஸ்மிஸ் அல்லது மூன்று மாதத்துக்கு மேல் சிறை என்றால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சென்னையிலும் அதற்கு ஒரு கிளை உண்டு, அங்கே வக்கீல் தடையில்லாமல் வாதாடலாம். தீர்ப்பாயம் வருவதற்கு முன்பே, 1987-இல், சிக்னல்மேன் (தகவல் தொடர்புப் பிரிவுச் சிப்பாய்) ரஞ்சித் தாக்கூருக்குக் கொடுத்த ஓராண்டு சிறையையும் டிஸ்மிஸையும் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கொடுத்த சாப்பாட்டைச் சாப்பிட மறுத்தார் என்பதுதான் குற்றச்சாட்டு. அவர் யார் மீது புகார் எழுதினாரோ, அதே அதிகாரி விசாரணையில் உட்கார்ந்திருந்தார்.

சம்மரி ஆஃப் எவிடன்ஸ் முடிந்துவிட்டதா என்று தம்பியிடம் இன்றைக்கே கேளுங்கள். முடிந்திருந்தால் அதன் நகலைக் கேட்டு எழுத்தில் மனு கொடுக்கச் சொல்லுங்கள்.