உணவு வீணாவதைத் தடுக்க முதலில் எங்கே கை வைக்க வேண்டும்?

விநியோகச் சங்கிலியில் எந்தக் கட்டத்தைச் சரிசெய்தால் அதிகப் பலன் என்று கேட்டிருக்கிறீர்கள். காய்கனியைப் பொறுத்தவரை, பறித்த முதல் சில மணி நேரம்தான் என்பேன்.

பறித்த பிறகும் காய் சுவாசிக்கும். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் அந்தச் சுவாசம் ஏறக்குறைய இரண்டு, மூன்று மடங்காகும். வெயிலில் கிடந்த தக்காளி இழந்த ஆயுளை எந்தக் குளிர்பதனக் கிடங்காலும் திருப்பித் தர முடியாது. அதிகாலையில் பறித்து உடனே நிழலில் வைப்பதற்குப் பெரிய செலவு இல்லை, ஆனாலும் பல இடங்களில் நடப்பதில்லை. அப்புறம் சாக்கு மூட்டை. மேலே இருப்பதன் பாரத்தில் அடியில் இருப்பது நசுங்கும். தோலில் ஒரு கீறல் போதும், பூஞ்சை உள்ளே போய்விடும். பிளாஸ்டிக் கிரேட்டுகளை அடுக்கினால் அந்தப் பாரத்தைக் கிரேட்டின் சுவர்கள் தாங்கிக்கொள்ளும். தானியத்துக்கு ஈரம்தான் எதிரி. நன்றாகக் காயவைத்துக் காற்றுப்புகாத பையில் கட்டினால், வண்டுகள் ஆக்சிஜன் இல்லாமல் செத்துவிடும்.

கடைக்கு வந்த பிறகு கதை வேறு. ஐநா சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்குப்படி, 2022இல் கடை, உணவகம், வீடு மூன்றிலும் வீணான உணவு சுமார் 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளில். தேதிக் குழப்பமும் இதற்கு ஒரு காரணம். ‘இந்தத் தேதிக்குள் சிறந்தது’ என்பது தரத்தைப் பற்றியது, அன்றைக்கே கெட்டுவிடும் என்று அர்த்தமில்லை.

விற்காத நல்ல உணவைப் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் வேண்டுமென்றே பாழாக்குவதை பிரான்ஸ் 2016இல் சட்டம் போட்டுத் தடுத்தது. எல்லா நாடுகளும் இதைச் செய்ய வேண்டும்.