மக்ரூன் கடை – கடிதம்

வணக்கம் சார்,

போன நவம்பரில் ஒரு கல்யாணத்துக்காகத் தூத்துக்குடி போயிருந்தேன். மண்டபத்துக்கு அடுத்த தெருவில் ஒரு சின்ன பேக்கரி. அப்பா கல்லாவில், மகன் உள்ளே அடுப்படியில், அம்மா பொட்டலம் கட்டுகிறார். முட்டை வெள்ளைக் கருவும் முந்திரியும் போட்டுச் செய்கிற அந்த ஊர் இனிப்பு மக்ரூன், அரைக் கிலோ கேட்டேன். “இன்னைக்கு வேண்டாம் அண்ணாச்சி, காத்துல ஈரம் கெடக்கு” என்றார் பெரியவர். ராத்திரி பஸ், வேறு வழியில்லை என்று வற்புறுத்தி வாங்கினேன். கோவை வந்து பிரித்தால் ஒன்றோடொன்று ஒட்டிப் பிசுபிசுவென்று கிடந்தது. மூன்று தலைமுறையாக நடத்துகிறார்களாம். இத்தனை வருடத்தில் நல்ல பேக்கிங், ஒரு மெஷின், இன்னொரு கிளை என்று எதுவும் தோன்றாதா? இது எளிமையா, சோம்பலா? இன்னொன்று, வெள்ளைக் கருவை மட்டும் எடுத்தால் மஞ்சள் கரு என்ன ஆகும்?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

விற்கிறவரே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், நீங்கள் கேட்கவில்லை. அரைக் கிலோ வியாபாரம் போனாலும் பரவாயில்லை என்று சொல்ல அந்தத் தெருவில் ஆள் இருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் கவனிப்பேன்.

மக்ரூனில் இருப்பது மூன்றே சாமான்: முட்டை வெள்ளைக் கரு, சர்க்கரை, முந்திரி. வெள்ளைக் கருவை நுரை பொங்க அடித்து, சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, கடைசியில் பொடித்த முந்திரியைக் கலக்க வேண்டும். கலப்பதுதான் கஷ்டம். முந்திரியை மைய அரைத்தால் எண்ணெய் விட்டுவிடும், எண்ணெய் பட்டால் நுரை அமுங்கிப்போகும். அதனால் அரைகுறைப் பொடியாக எடுத்து, அழுத்தாமல், கையால் புரட்டிப் புரட்டிக் கலக்கிறார்கள். பிறகு காகிதக் கூம்பில் நிரப்பித் தட்டில் வரிசையாகப் பிழிவது. பிழிந்த கை மேலே போகும்போது ஒரு சின்ன வெட்டு வெட்டும், மேலே அந்தக் கூர்முனை நிற்பது அந்த வெட்டினால்தான். ஒரு தட்டில் எல்லா முனையும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் பிழிந்தவர் ஒரே ஆள், கை பழகிய ஆள் என்று நான் எடுத்துக்கொள்வேன் (இது என் சொந்த ஆராய்ச்சி, யாரும் சண்டைக்கு வர வேண்டாம்).

பழைய முறையில் இதைச் சுடுவது என்றே சொல்ல முடியாது, காயவைப்பதுதான். விறகு அடுப்பில் ரொட்டி வேலை முடிந்து தணல் அடங்கியபின் மிஞ்சுகிற சூட்டில் ராத்திரி முழுக்கக் கிடக்கும். நுரையில் இருக்கிற ஈரமெல்லாம் போய், வாயில் வைத்ததும் கரைகிற ஓடு மட்டும் மிஞ்சும். இப்போது அதை ஐப்பசி, கார்த்திகை மழைக்காற்றில் நீட்டிப் பாருங்கள். சர்க்கரை காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், அதன் குணம் அது. தூத்துக்குடிக்கு மழை என்றால் பெரும்பாலும் வடகிழக்குப் பருவம்தான், அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை. அந்த மாதங்களில் உப்பளங்களிலும் வேலை நின்றுவிடும். உப்புக்கு ஆகாத காற்று மக்ரூனுக்கும் ஆகாது. பெரியவர் இத்தனையும் “ஈரம் கெடக்கு” என்பதில் சொல்லிவிட்டார்.

பேக்கிங் பற்றிக் கேட்டது சரியான கேள்விதான், அதில் நான் உங்கள் கட்சி. காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தால் பயணம் தாங்கும், ஊரில் பெயர் வாங்கிய பேக்கரிகள் அப்படித்தான் வெளியூருக்கு அனுப்புகின்றன. சின்னக் கடையும் பத்து டப்பா வாங்கி வைக்கலாம். ஆனால் இரண்டாவது கிளை? அங்கே யார் பிழிவது? உள்ளே நிற்கும் மகன் ஒருவர்தான், அம்மா கட்டும் பொட்டலத்துக்குச் சம்பளக் கணக்கும் இருக்காது. குடும்பக் கடை என்று நாம் மெச்சிக்கொள்வதில் பாதி இந்தச் சம்பளமில்லாத உழைப்புதான், அதனால் எளிமை என்று கொண்டாடவும் எனக்கு மனம் வரவில்லை. சோம்பல் என்பதோ சுத்த அபாண்டம். ராத்திரி அடுப்பை ஏற்றிவிட்டுக் காலையில் கல்லாவில் உட்காருகிறவரைப் பார்த்து அப்படிச் சொல்லலாமா?

கிளை பெருகினால் முதலில் கைவைக்கிற இடம் முந்திரி. விலை அதில்தான் இருக்கிறது. கொஞ்சம் நிலக்கடலையைக் கலந்தால் கிலோவுக்கு நன்றாகவே இறங்கும், தின்றவருக்கு நாக்கின் அடியில் ஒரு வேர்க்கடலை வாடை தட்டும், அவ்வளவுதான். முந்திரியே போர்ச்சுகீசியர் பிரேசிலிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் நம் பக்கம் கொண்டுவந்த மரம். தூத்துக்குடியைச் சேர்ந்த முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு அவர்கள் வந்ததும் அந்த நூற்றாண்டில்தான். மக்ரூனும் அவர்கள் விட்டுப்போனது என்று ஊரில் சொல்வார்கள். ஐரோப்பாவில் பாதாம் போட்டுச் செய்கிற பண்டம் இங்கே முந்திரிக்கு மாறிவிட்டது. நடுவில் கிரீம் வைத்துக் கலர் கலராக வருகிற பிரெஞ்சுச் சமாசாரத்தை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அது வேறு.

அடுத்த தடவை மாசி, பங்குனியில் போங்கள். எப்போது அடுப்பிலிருந்து எடுத்தது என்று கேளுங்கள், சொல்லிவிடுவார்கள். வீட்டிலிருந்தே மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பா ஒன்று கொண்டுபோங்கள். பிரிட்ஜில் மட்டும் வைக்க வேண்டாம், வெளியே எடுத்ததும் வியர்த்துவிடும். கண்ணாடி ஜாடியின் அடியில் உடைந்த தூள் கிடந்தால் அதையும் கேளுங்கள், நின்ற இடத்திலேயே தின்பதற்கு அதுதான் நல்லது.

மஞ்சள் கரு வீணாகாது, கேக்குக்குப் போகும். அதிலும் ஒரு துண்டு வாங்கிப் பாருங்கள், அதற்கு மழை ஒரு பொருட்டில்லை.