நூலக மேசை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். அது நெருங்குவதால் இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பொது நூலகம் பற்றியவை. நூலகப் பணியில் நீண்ட காலம் இருந்தவர்கள் பதில் தருகிறார்கள்.

சாம்பல்தீவில் வாடகை வீட்டில் இருக்கிறோம். திருகோணமலை நகரில் வேலை செய்கிறேன். நகர நூலகத்தில் சேர விசாரித்தபோது சோலைவரி (வீடு, காணிக்காகச் சபைக்குக் கட்டும் வரி) கட்டும் ஒருவர் பிணை நிற்க வேண்டும் என்றார்கள். அப்படி யாரையும் எனக்குத் தெரியாது. வேறு வழி உண்டா?
— வாசகி, சாம்பல்தீவு

உண்டு. ஆனால் பிணை எதற்கு என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் எடுத்த புத்தகம் திரும்பி வராவிட்டால் அதன் பெறுமதிக்குப் பொறுப்பேற்க ஒருவர் வேண்டும், அவ்வளவுதான். உங்கள் நன்னடத்தைக்கு யாரும் சான்று கேட்கவில்லை. ஆகவே சங்கடப்படாமல் கேட்கலாம்.

நம் நாட்டில் பொது நூலகங்களை நடத்துவது உள்ளூராட்சி சபைகள். சோலைவரி கட்டுபவரைக் கேட்பதும் அதனால்தான்: அவருடைய பெயரும் முகவரியும் சபையின் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கும். வாடகை வீட்டுக்காரர் என்றால் வீட்டுச் சொந்தக்காரரைக் கேளுங்கள். அவருடைய வீடு வேறு சபையின் எல்லைக்குள் இருந்தால் அந்தக் கையெழுத்து செல்லாமல் போகலாம். கடிதத்தில் திருகோணமலை என்று எழுதுகிறோம் என்பதற்காக எல்லா ஊரும் மாநகர சபைக்குள் வந்துவிடாது. ‘பட்டினமும் சூழலும்’ என்ற பெயரில் பிரதேச சபை ஒன்று தனியாக இருக்கிறது.

வெளியூர்க்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது: “சபை எல்லைக்குள் வேலை செய்பவர்களையும் படிப்பவர்களையும் சேர்ப்பீர்களா? அதற்கு என்ன கடிதம் வேண்டும்?” பெரும்பாலும் வேலைத்தலத் தலைவரின் கடிதம், அரச உத்தியோகத்தர் ஒருவரின் பிணை, அல்லது ஒரு வைப்புப் பணம் என்று ஏதாவதொரு வழி சொல்வார்கள். விதி சபைக்குச் சபை மாறும். எனவே பக்கத்து வீட்டார் சொன்னதை நம்பாமல் கருமபீடத்திலேயே விண்ணப்பப் படிவத்தை வாங்கி, அதன் பின்பக்கத்தையும் படியுங்கள்.

படிவங்கள் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான். அடையாள அட்டையில் பழைய முகவரி இருக்கும். கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்றிதழ் எடுத்து இணைத்தால் அது தீரும். மற்றது, வரிப் பற்றுச்சீட்டு காலமான தகப்பனாரின் பெயரிலேயே இருக்க, கையெழுத்தை மகன் போட்டிருப்பார். அப்படியானால் கையெழுத்துப் போடுபவர் தன் பெயரில் பற்றுச்சீட்டு உள்ளவராக இருக்க வேண்டும், அல்லது உறவை நிரூபிக்க வேண்டும்.

அட்டை கைக்கு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பத்திரிகைப் பகுதியிலும் உசாத்துணைப் பகுதியிலும் உட்கார்ந்து வாசிக்கப் பொதுவாக அங்கத்துவம் தேவையில்லை. போயா நாளில் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பாமல் இருக்க, வாசலிலுள்ள நேர அட்டவணையை ஒருமுறை கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உயர்தரம் வர்த்தகப் பிரிவில் படிக்கிறேன். நூலகத்தில் பொருளியல் புத்தகம் ஓர் அலுமாரியில் இருக்கிறது, கணக்கீடு எங்கோ இருக்கிறது. தேடித் தேடியே நேரம் போய்விடுகிறது.
— மாணவர், கிண்ணியா

உங்கள் பாடப்பிரிவு ஒன்றாக இருந்தாலும் நூலகத்தின் கணக்கு வேறு. இங்கே பெரும்பாலான பொது நூலகங்கள் தூயி தசமப் பகுப்பைப் பின்பற்றுகின்றன. 1876 இல் வெளியான முறை இது. மனித அறிவு முழுவதையும் 000 முதல் 999 வரை பத்துப் பெரும் பிரிவாக்கி, ஒவ்வொன்றையும் மீண்டும் பத்துப் பத்தாக உடைக்கிறது. அதில் பொருளியல் சமூக அறிவியலுக்குள் வருவதால் 330. கணக்கீடு தொழில்நுட்பமும் முகாமைத்துவமும் அடங்கிய 600 வரிசைக்குள் வருவதால் 657. முகாமைத்துவம் 658. புள்ளிவிவரவியல் கணிதத்தோடு சேர்ந்து 519.5 இல் நிற்கும். வர்த்தக மாணவர் மூன்று அலுமாரிக்கு நடக்கத்தான் வேண்டும். விஞ்ஞானப் பிரிவுக்காரருக்கு இந்த அலைச்சல் குறைவு: பௌதிகவியல் 530, இரசாயனவியல் 540, உயிரியல் 570 எல்லாம் அருகருகே இருக்கும்.

இனி புத்தகத்தின் முதுகைப் பாருங்கள். அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் ஒரு சிறு வெள்ளைச் சீட்டு ஒட்டியிருக்கும். மேல் வரியில் பகுப்பெண், கீழ் வரியில் ஆசிரியர் பெயரின் முதல் சில எழுத்துகள். ஒரே எண்ணில் முப்பது புத்தகம் இருந்தால் அவை கீழ்வரி எழுத்தின்படி அகர வரிசையில் நிற்கும். தமிழ் நாவல், சிறுகதைகளுக்கு 894.8113 என்ற எண்ணைக் காண்பீர்கள். சில நூலகங்களில் அதன் பின்னாலும் எண் நீளும்.

பலர் தவறுவது தசமப் புள்ளிக்குப் பின்னால்தான். 894.8113 முன்னால் வருமா, 894.82 முன்னால் வருமா? எண்ணாயிரத்துச் சொச்சம் எண்பத்திரண்டைவிடப் பெரிது என்று நினைத்துப் பின்னால் தேடுவார்கள். தசமத்தை இலக்கம் இலக்கமாக ஒப்பிட வேண்டும். முதல் இலக்கம் இரண்டிலும் 8. அடுத்தது ஒன்றில் 1, மற்றதில் 2. ஆகவே 894.8113 தான் முன்னால்.

எண் தெரிந்தும் புத்தகம் அங்கே இல்லையா? இரவலில் போயிருக்கலாம். அல்லது யாரோ எடுத்துப் பார்த்துவிட்டு, உதவி செய்வதாக நினைத்து, வேறிடத்தில் செருகியிருக்கலாம். இடம் மாறிய புத்தகம் தொலைந்த புத்தகத்துக்குச் சமன். பார்த்து முடித்ததை மேசையிலேயே விட்டுவிடுங்கள், ஊழியர் அடுக்குவார். அதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது: மேசையில் கிடக்கும் புத்தகங்களை எண்ணித்தான் எந்தப் பாடத்துக்குத் தேவை அதிகம் என்று பல நூலகங்கள் கணக்கெடுக்கின்றன.

எல்லாவற்றுக்கும் மேலாக, நூலகரிடம் கேளுங்கள். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931 இல் வகுத்த நூலகவியல் ஐந்து விதிகளில் நான்காவது “வாசகரின் நேரத்தைச் சேமி” என்பது. அதைச் செய்வது அவர்களுடைய கடமை. ஆனால் “பொருளியல் புத்தகம் இருக்கா?” என்று கேட்காமல், “பணவீக்கம் பற்றித் தமிழில், உயர்தரப் பாடத்திட்டத்துக்கு ஏற்றதாக ஏதாவது இருக்கா?” என்று கேட்டுப் பாருங்கள். கேள்வி எவ்வளவு கூராக இருக்கிறதோ, அவ்வளவு வேகமாகப் புத்தகம் கைக்கு வரும்.

இரவல் எடுத்த புத்தகம் பஸ்ஸில் தவறிவிட்டது. பயத்தில் மூன்று மாதமாக நூலகப் பக்கமே போகவில்லை.
— வாசகர், தம்பலகாமம்

நாளைக்கே போங்கள். தாமதக் கட்டணம் நாள் கணக்கில் ஏறும். நீங்கள் அறிவித்த நாளோடு அதை நிறுத்திக்கொள்ள இடமுண்டு. அதே புத்தகத்தின் அதே பதிப்போ புதிய பதிப்போ கடையில் கிடைத்தால் வாங்கிக் கொடுப்பது நல்லது. வாங்குவதற்கு முன் நூலகரிடம் காட்டி ஒப்புதல் பெறுங்கள். கிடைக்காவிட்டால் பெறுமதியும் மேலதிகக் கட்டணமும் கட்டலாம். பணம் கட்டிய பற்றுச்சீட்டைத் தொலைக்க வேண்டாம்.

எங்கள் சனசமூக நிலையமும் பக்கத்து நூலகமும் சேர்ந்து வாசிப்பு மாதத்தில் சிறுவர் நிகழ்ச்சி நடத்த இருக்கிறோம். பேச்சுப்போட்டி, கட்டுரைப்போட்டி தவிர வேறென்ன செய்யலாம்?
— ஆசிரியை, மூதூர்

கதை நேரம் நடத்துங்கள். போட்டியில் ஏற்கெனவே நன்றாக வாசிக்கிற பிள்ளை பரிசு வாங்கும். எழுத்துக்கூட்டித் தடுமாறுகிற பிள்ளை அன்றைக்கு வீட்டிலேயே நின்றுவிடும். வாசிப்பு மாதம் அந்த இரண்டாவது பிள்ளைக்கு உரியது.

நான்கு முதல் ஏழு வயது வரை 15 பிள்ளைகள், கூடினால் 20. அதற்கு மேல் வந்தால் இரண்டு குழுவாக்குங்கள், ஏனென்றால் கடைசி வரிசைக்குப் படம் தெரியாது. பாய் விரித்து அரை வட்டமாக இருத்துங்கள். வாசிப்பவர் தாழ்ந்த கதிரையில் இருக்க வேண்டும், யன்னலுக்கு முதுகு காட்டி இருக்கக் கூடாது. பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் பிள்ளைகளுக்குப் பக்கம் கறுப்பாகத்தான் தெரியும். ஒலிவாங்கி வேண்டாம்.

மொத்தம் 35 நிமிடம் போதும். மூன்று படக்கதைகளை எடுத்துக்கொள்ளுங்கள்: முதலாவது பெரியது, இரண்டாவது பிள்ளைகள் சேர்ந்து சத்தமிடக்கூடிய திரும்பத் திரும்ப வரும் வரி உள்ளது, மூன்றாவது மிகச் சிறியது. ஒவ்வொன்றையும் முதல்நாள் வீட்டில் இரண்டு தடவை உரக்க வாசித்துப் பாருங்கள். புத்தகத்தை மடியில் வைத்து வாசித்துவிட்டுப் பிறகு தூக்கிக் காட்டக் கூடாது. தோளுக்குப் பக்கத்தில், பிள்ளைகளை நோக்கித் திறந்து பிடித்தபடி, ஓரக்கண்ணால் வாசிக்க வேண்டும். அதற்குத்தான் அந்த ஒத்திகை.

பக்கத்தைத் திருப்பும் முன் ஒரு மூச்சு நிறுத்துங்கள். “இனி என்ன நடக்கும்?” என்று கேட்கலாம். “இந்தக் கதையின் நீதி என்ன?” என்று கேட்டால் அது வகுப்பறையாகிவிடும், கதை அங்கேயே முடிந்தது.

இரண்டு விடயங்களை மூதூரில் கட்டாயம் கவனிக்க வேண்டும். புத்தகத்தில் “அவன் சென்றான்” என்றிருக்கும். நாலு வயதுப் பிள்ளைக்குப் “போனான்” தான் தெரியும். எல்லாவற்றையும் பேச்சுக்கு மாற்றிவிடாதீர்கள். அச்சில் உள்ளபடி வாசித்துவிட்டு, புரியாத சொல்லை மட்டும் பேச்சில் சொல்லுங்கள். எழுத்துத் தமிழின் ஓசை காதில் பழகிய பிள்ளைக்குத் தரம் ஒன்றுப் புத்தகம் அந்நியமாக இராது. மற்றது, படத்தில் உள்ளவரை ஒரு பிள்ளை அப்பா என்னும், பக்கத்துப் பிள்ளை வாப்பா என்னும். இரண்டையும் ஏற்றுக்கொண்டு வாசிப்பைத் தொடருங்கள். ஒன்றைத் திருத்தினால் அந்த வீட்டுப் பிள்ளை அடுத்த வாரம் வராது.

நேரம் வைக்கும்போது வெள்ளி நண்பகல் ஜும்ஆவையும் ஞாயிறு காலை அறநெறி வகுப்பையும் ரியூசன் நேரங்களையும் கழித்துப் பாருங்கள். மாரி தொடங்கும் காலம் என்பதால் பின்னேரத்தைவிடக் காலை நல்லது.

கதை முடிந்த உடனே அந்த மூன்று புத்தகங்களும் அவற்றைப் போன்ற இன்னும் 30 புத்தகங்களும் மேசையில் முகப்பு தெரியப் பரப்பியிருக்க வேண்டும். இரவல் கருமபீடமும் திறந்திருக்க வேண்டும். பிள்ளை கேட்கிற அந்த ஐந்து நிமிடத்துக்குள் புத்தகம் கைக்குப் போகாவிட்டால் மிச்ச உழைப்பெல்லாம் வீண். சிறுவர் அங்கத்துவப் படிவங்களைப் பெற்றோரிடம் முதல் வாரமே கொடுத்துவிடுங்கள். பிரமுகர் உரை வைக்க வேண்டுமென்றால் பிள்ளைகள் போன பிறகு வையுங்கள்.

வாடைக்காற்று காலத்தில் வீட்டிலுள்ள நூலகப் புத்தகத்தில் வெள்ளைப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. வெயிலில் காயவைக்கலாமா?
— வாசகி, நிலாவெளி

நேர் வெயில் வேண்டாம், தாள் மஞ்சளாகி மட்டை வளையும். காற்றின் ஈரப்பதன் 65 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சணம் வளரும்; கடலோரத்தில் மாரி முழுக்க அப்படித்தான். புத்தகத்தை விசிறி போல விரித்து, நிழலில், காற்றோட்டத்தில் நிமிர்த்தி வையுங்கள். நன்றாக உலர்ந்த பின்னரே மெல்லிய தூரிகையால், வீட்டுக்கு வெளியே, முகக்கவசத்தோடு துடையுங்கள். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் தாளுக்குள் தேய்த்துவிடுவீர்கள். முழுக்க நனைந்த புத்தகத்தை உடனே உலர்த்த முடியாவிட்டால் பொலித்தீன் பையில் கட்டி உறைபெட்டியில் வைக்கலாம். பூஞ்சணம் பிடிக்காமல் நேரம் கிடைக்கும். கிழிந்த பக்கத்துக்குச் செலோட்டேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். சில வருடத்தில் பசை பழுப்பாகி எழுத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும். கிழிந்தபடியே கொடுத்து, கிழிந்திருக்கிறது என்று சொல்லுங்கள்.

தாத்தாவின் 300 புத்தகங்களை நூலகத்துக்குக் கொடுக்க விரும்புகிறோம்.
— குடும்பத்தார், உவர்மலை

பெட்டியோடு கொண்டுபோய் இறக்காதீர்கள். தலைப்பு, ஆசிரியர், ஆண்டு என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுங்கள். பழைய பாடத்திட்டப் புத்தகங்கள், கறையான் அரித்தவை, ஏற்கெனவே மூன்று பிரதி உள்ளவை ஆகியவற்றை நூலகம் எடுக்காது. அலுமாரி இடம் அங்கே பெரிய பிரச்சினை.

ஆனால் குப்பை என்று நீங்கள் ஒதுக்கிய கட்டை மறுபடி பிரித்துப் பாருங்கள். கோயில் கும்பாபிஷேக மலர், பாடசாலை ஆண்டு மலர், முப்பத்தோராம் நாள் நினைவு மலர், ஊர்ச் சங்கத்தின் யாப்பு. இவை கடையில் விற்றவை அல்ல, 200 பிரதி அடித்திருப்பார்கள், இன்று உங்கள் வீட்டில் மட்டுமே இருக்கலாம். 1895 இல் ‘மோகனாங்கி’ என்ற வரலாற்று நாவலை எழுதிய தி.த. சரவணமுத்துப்பிள்ளை பிறந்த ஊர் திருகோணமலை. இந்த ஊரின் எழுத்தைத் தேடி வருபவர்களுக்கு இந்த மெல்லிய மலர்கள்தான் துப்பு. உள்ளூர்ச் சேகரிப்பு வைத்திருக்கும் நூலகத்துக்கு இவற்றைத் தனியே கொடுங்கள். 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் சேர்த்துவரும் ‘நூலகம்’ என்ற நிறுவனத்திடம் எண்ணிமப்படுத்தக் கொடுப்பது பற்றியும் கேட்கலாம். மலரின் பின் அட்டையிலுள்ள விளம்பரங்களைக் கிழித்து எறிய வேண்டாம். எந்தக் கடை எந்த வீதியில் இருந்தது என்பது அங்கேதான் பதிவாகியிருக்கிறது.

நான் தேடும் புத்தகங்கள் எதுவும் எங்கள் நூலகத்தில் இல்லை. சொல்லியும் வாங்குவதில்லை.
— வாசகர், திருகோணமலை

வாயால் சொன்னீர்களா, எழுதிக் கொடுத்தீர்களா? நூல் பரிந்துரைப் பதிவேடு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் நூலகருக்கு ஒரு கடிதம் போதும். தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், விலை, பின் அட்டையிலுள்ள 13 இலக்கச் சர்வதேச நியம நூல் எண் ஐந்தும் இருக்க வேண்டும். 978-955 அல்லது 978-624 என்று தொடங்கினால் அது இலங்கைப் பதிப்பு, கொள்வனவு இலகு. ஒரே புத்தகத்தை ஐந்து பேர் தனித்தனியே எழுதிக் கொடுத்தால் தெரிவுக் குழுவில் நூலகர் உங்களுக்காகப் பேச ஆதாரம் கிடைக்கும். சபையின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது, வரவு செலவுத் திட்டம் அதற்கு முந்திய மாதங்களில் தயாராகும். ஜனவரியில் எழுதினால் பணம் பங்கிடப்பட்டு முடிந்திருக்கும். உங்கள் பட்டியலை இந்த செப்டெம்பருக்குள் கொடுங்கள்.