பாம்பனில் டிரைவர், பஹ்ரைனில் அடுப்படி

தம்பி, பாம்பனில் 8 வருஷம் விசைப்படகு ஓட்டிவிட்டு, பஹ்ரைனுக்கு வந்த இரண்டாவது வாரமே லாஞ்சி என்கிற மீன்பிடிப் படகின் அடுப்படியில் வெங்காயம் உரிக்கிறேன், 22 வயசுப் பையன் கைதட்டிக் கூப்பிடுகிறான், வீட்டுக்குப் போன் பேசவே கூசுகிறது, திரும்பிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய்.

கூசத்தான் செய்யும். நானும் தங்கச்சிமடத்துக்காரன்தான், இங்கே 16 வருஷம். நம் கரையில் கடலுக்குள் போய்விட்டால் டிரைவர் வைத்ததுதான் சட்டம். இங்கே அந்த இடம் நாகூதாவுக்கு, அதாவது படகுத் தலைவருக்கு. வலை இழுத்துப் பழகிய கைக்கு கர்கூர் என்கிற மீன் பிடிக்கும் கம்பிக்கூண்டு பிடிபடவே நாளாகும்.

முதல் மாதம் நாகூதா என்னிடம் 'சாஃபி' எடுக்கச் சொன்னார். புரியவில்லை. திருப்பிக் கேட்க ரோஷம். கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்த களவா மீனைத் தூக்கிக் கொடுத்தேன். அவர் கேட்டது நம்ம ஓரா! களவாவுக்கு இங்கே ஹமூர் என்று பேர். அன்றிலிருந்து ஆறு மாதம் எனக்கும் அதுதான் பேர். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. யாரைப் பழிவாங்கினேனோ, போ.

அதைவிடப் பெரிய தப்பைப் போனில் செய்தேன். இங்கேயும் நான்தான் லாஞ்சி ஓட்டுகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன். அவள் நம்பி நாலு பேரிடம் சொல்லியிருக்கிறாள். இரண்டு வருஷம் கழித்து ஊரில் வேர்க்காடு சந்தியாகப்பர் கோயில் திருவிழாவுக்குப் போனால், பழைய படகு முதலாளி கூட்டத்துக்குள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க லாஞ்சில என் மகனையும் சேர்த்துக்கோங்க" என்கிறார். அதுவரை என்னை வாடா போடா என்று பேசியவர். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. வீட்டுக்கு வந்து உண்மையைச் சொன்னேன். "வெங்காயம் உரிச்சா நான் என்ன உங்களை விட்டுட்டா போயிருப்பேன்?" என்றாள். அப்புறம் இரண்டு நாள் பேசவில்லை.

அதனால் இன்றைக்கே வீட்டுக்குப் போன் போட்டு வெங்காயக் கதையைச் சொல். கடனை வைத்துக்கொண்டு கோபத்தில் டிக்கெட் போடாதே. பேசிய பங்கு வரவில்லை, கை ஓங்குகிறார்கள் என்றால் அது வேறு. வெளியே சொன்னால் கேவலம் என்று மூடிவைக்காமல் இந்தியத் தூதரகத்துக்குப் போ.

சரி, இதை மனசில் வை: ஹமூர் களவா, சாஃபி ஓரா, ஷேரி விளமீன், கனாத் சீலா, அதாவது வஞ்சிரம். மீதியை அந்தக் கைதட்டுகிற பையனிடமே கேள். கொஞ்சம் சிரிப்பான், சொல்லிக் கொடுப்பான்.