பூக்கம்பளம் படத்தில் தட்டையாக வருகிறதா?

வணக்கம். மாஸ் ஃபிளாக்ஸ் (தரையோடு படர்ந்து கம்பளம்போல் பூக்கும் செடி) பூத்த சரிவைப் பார்க்க நண்பகலில் போனீர்கள், படத்தில் வெறும் இளஞ்சிவப்புப் பூச்சாகத்தான் வந்தது, அடுத்த வாரம் மறுபடி போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போங்கள். ஓரிரு நாளில் உதிர்ந்துவிடும் பூ இல்லை இது, 3 வாரமாவது தாங்கும்.

உச்சி வெயிலில் நிழல் சரியாக விழாது. அதனால்தான் மேடு பள்ளம் தெரியவில்லை. காலை 8 மணிக்குள் போங்கள், இல்லையென்றால் மாலையில். மேகமூட்டமாக இருந்தாலும் சரி, நிறம் இன்னும் அழுத்தமாகத் தெரியும்.

அப்புறம், பாதை ஓரத்தில் குந்தி உட்கார்ந்து ஒரே ஒரு பூவைப் பாருங்கள். அகலம் 2 செ.மீ. இருந்தாலே அதிகம். ஐந்து இதழ், நுனியில் சின்ன வெட்டு, பல வகைகளில் நடுவே கருஞ்சிவப்பு வளையம். அடியில் ஊசி ஊசியாக இலை. எனக்கு முழுச் சரிவையும்விட அதுதான் பிடிக்கும்.

வெயில் பக்கம் பூத்து ஓய்ந்திருந்தால் நிழல் விழும் பக்கம் போய்ப் பாருங்கள், அங்கே தாமதமாகத்தான் பூக்கும். படத்துக்காகச் செடிமேல் மட்டும் கால் வைத்துவிடாதீர்கள். தண்டு முறிந்தால் அந்த இடம் சொட்டையாகிவிடும்.