சாவி யாரிடம் இருக்கிறது?

போன இதழில் வட ஆற்காட்டுப் பழைய இடங்களை, அதாவது வேலூரையும் சுற்றுவட்டாரத்தையும் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதிவிட்டேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் பதில் எழுத இடம் இல்லை, ஆறு கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 40 பேரை ஒரு நாள் அழைத்துப் போக அனுமதி கிடைத்திருக்கிறது. கோட்டை, மியூசியம், தங்கக் கோயில், அமிர்தி, ஏலகிரி எல்லாம் ஒரே நாளில் முடியுமா?
– ஓர் ஆசிரியை, குடியாத்தம்

முடியும் டீச்சர், பஸ் ஜன்னல் வழியாகவே பார்ப்பதாக இருந்தால்! கோட்டை ஒன்றே ஒரு நாளுக்குக் காணும். "ஆறு உண்டு நீர் இல்லை, கோட்டை உண்டு ராஜா இல்லை, கோயில் உண்டு சாமி இல்லை" என்று நம் ஊரைக் கிண்டல் செய்வார்களே, அங்கிருந்தே ஆரம்பியுங்கள். கோயில் வரி 1981-லேயே பொய்யாகிவிட்டது. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து, கோட்டைக்குள் இருக்கிற ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் வைத்தது அந்த வருடம்தான். ஆற்று வரியும் 2021 நவம்பர் வெள்ளத்தில் கொஞ்ச நாளைக்குப் பொய்யானது. ராஜாதான் பாக்கி.

கோயிலுக்குள் நுழைந்ததும் இடது பக்கம் திரும்பினால் கல்யாண மண்டபம். எல்லோரும் தூணில் தாவுகிற குதிரை, யாளியோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள், தலையைத் தூக்கி யாரும் பார்ப்பதில்லை. உள்ளே மேல் கூரை நடுவில் ஒரு பூ, அதைச் சுற்றிக் கிளிகள் தலைகீழாகத் தொங்குகின்றன. பிள்ளைகளைக் கீழே மல்லாக்கப் படுக்கச் சொல்லி எத்தனை கிளி என்று எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக்கையை நான் சொல்ல மாட்டேன். இந்த மண்டபத்தைப் பிரித்துக் கப்பலில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோகக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் திட்டம் போட்டார்கள் என்று ஒரு பழைய கதை உண்டு, அதையும் சொல்லலாம்.

1806 சிப்பாய்ப் புரட்சிக் கதையை வகுப்பில் சொல்லிவிடாதீர்கள், கோட்டை வாசலில் நின்று சொல்லுங்கள். முந்தின வருடம் நவம்பரில் ஓர் உத்தரவு வந்தது: சிப்பாய்கள் புதுத் தொப்பி போட வேண்டும், தாடியை மழிக்க வேண்டும், நெற்றியில் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது. ஜூலை 10 விடியுமுன் கோட்டைக்குள் துப்பாக்கி வெடித்தது. திப்புவின் பிள்ளைகள் உள்ளேதான் காவலில் இருந்தார்கள், மைசூர்க் கொடியும் ஏறியது. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்ததும் அன்று பகலுக்குள்ளேயே எல்லாம் முடிந்தது. 1857 பெரும் புரட்சிக்கு 51 வருடம் முன்னால் நடந்தது இது. திரும்பும்போது மக்கான் பக்கம் நினைவுத் தூணையும் காட்டிவிடுங்கள்.

அரசு அருங்காட்சியகமும் கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளிக்கிழமை மட்டும் போய்விடாதீர்கள், பூட்டியிருக்கும். கண்டி ராஜாவின் தந்தச் சதுரங்கப் பலகையைத் தேடிப் பிடித்துப் பாருங்கள்.

மேல்பாடி சோழர் கோயிலைப் பார்க்க 30 கிலோமீட்டர் பைக்கில் போனேன். கேட் பூட்டியிருந்தது. கம்பி வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். இந்த மாதிரி இடங்களுக்கெல்லாம் யாரைக் கேட்பது?
– ஒரு வாசகர், ராணிப்பேட்டை

தம்பி, இது எனக்கும் நடந்தது. அதுவும் அதே கேட்டில்தான். முதல் தடவை உன்னைப் போலவே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தேன். இரண்டாம் தடவை புத்தி வந்து டீக்கடையில் உட்கார்ந்தேன். டீ சொன்னேன், குடித்தேன், கிளாஸை வைக்கும்போது "கோயில் சாவி யாருகிட்டங்க?" என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு யாருக்கோ போன் போட்டார். கால் மணி நேரத்தில் ஒரு சின்னப் பெண் சைக்கிளில் வந்தாள், ஹேண்டில்பாரில் ஒரு கயிறு, கயிற்றில் முழ நீளத்துக்குச் சாவி. "தாத்தா சாப்புட்றாரு, நீங்க பாத்துட்டுக் குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் போய்விட்டாள். ஆயிரம் வருடக் கோயிலின் சாவி என் கையில்! அன்றைக்கு நான் தாத்தாவுக்குப் பயந்து செருப்பை வெளிச்சுவருக்கு அப்பாலேயே விட்டுவிட்டுப் போனேன்.

அதனால் யாரைக் கேட்பது என்றால், டீக்கடை, பூக்காரம்மா, பஞ்சாயத்து அலுவலகம், இந்த வரிசையில் கேள். பெரிய ஊர்களில் நேரப் பலகை இருக்கும், கிராமத்தில் ஆள்தான் பலகை. சாவி வைத்திருப்பவருக்கு அந்த ஊர்க் கதை பாதி தெரிந்திருக்கும், அதையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டு வா.

உள்ளே என்ன பார்ப்பது? அது வெறும் சிவன் கோயில் இல்லை, பள்ளிப்படை, அதாவது இறந்துபோன அரசரின் நினைவாக எழுப்பிய கோயில். ராஜராஜ சோழன் தன் தாத்தா அரிஞ்சயனுக்காக எடுப்பித்தது. கல்வெட்டு அவரை "ஆற்றூர்த் துஞ்சின தேவர்" என்று சொல்கிறது, அதாவது ஆற்றூரில் இறந்துபோனவர். செத்துப்போனார் என்று எழுதாமல் தூங்கிப்போனார் என்று எழுதியிருக்கிறார்கள் பார். தஞ்சாவூரில் வானத்தை இடிக்கக் கோபுரம் கட்டிய அதே ஆள் தாத்தாவுக்கு இங்கே பொன்னை ஆற்றங்கரையில் இத்தனை சின்னதாக, அடக்கமாக ஒன்றைக் கட்டியிருக்கிறார். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. பக்கத்திலேயே சோமநாதர் கோயிலும் இருக்கிறது, அதை விட்டுவிட்டு வந்துவிடாதே.

நேரம் இருந்தால் அங்கிருந்து வள்ளிமலை. முருகனைப் பார்க்க எல்லோரும் ஏறுகிறார்கள், அதே மலையில் பாறையில் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர்களைப் பார்க்க நூற்றில் ஒருவர் திரும்பினால் அதிகம். கங்க அரசன் ராசமல்லன் காலத்து வேலை அது. சாயங்காலம் திருவல்லம். அங்கே நந்தி சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே பார்த்து உட்கார்ந்திருக்கும், ஏன் என்று குருக்களைக் கேள், கஞ்சன் என்கிற அசுரன் கதையைச் சொல்வார்.

ஆற்காட்டில் பிரியாணி, மக்கன் பேடா தவிர பார்க்க என்ன இருக்கிறது?
– ஒரு வாசகர், திருத்தணி

முதலில் பேடாவை வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு சொல்கிறேன். பாலாற்றங்கரையில் டெல்லி கேட் இருக்கிறது. கோட்டை போய்விட்டது, வாசல் மட்டும் மிச்சம். 1751-ல் கம்பெனிப் படையின் ராபர்ட் கிளைவ் 200 வெள்ளைக்காரர்கள், 300 சிப்பாய்களோடு வந்து ஆற்காட்டைப் பிடித்து, அப்புறம் 50 நாள் முற்றுகைக்குள் உட்கார்ந்திருந்த ஊர் இது. இந்தியாவின் தலையெழுத்தை மாற்றிய இடம் என்று பாடப்புத்தகம் சொல்லும். நேரில் போனால் ஆடு மேய்ந்துகொண்டிருக்கும். ஆற்றைத் தாண்டினால் ராணிப்பேட்டை, அந்த "ராணி" செஞ்சி தேசிங்கு ராஜாவின் மனைவி. புருஷனோடு உடன்கட்டை ஏறிய அந்தப் பெண்ணின் நினைவாக, தேசிங்கைத் தோற்கடித்த நவாப் சாதத்துல்லா கானே ஊருக்குப் பெயர் வைத்தார் என்பது வழிவழியாகச் சொல்வது.

எனக்கு முட்டி வலி. மலை, படிக்கட்டு எதுவும் ஆகாது. பேரனோடு போக ஓர் இடம் சொல்லுங்கள்.
– ஓய்வு பெற்ற செவிலியர், வாணியம்பாடி

விரிஞ்சிபுரம் போங்கள் அம்மா. "விரிஞ்சிபுரம் மதில் அழகு" என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்களே, அந்த மதில். தரை சமமாக இருக்கும், நிழலும் உண்டு. சிங்க வாய் வழியாக இறங்குகிற தீர்த்தம் ஒன்று இருக்கிறது, நீங்கள் மேலேயே நின்றுகொண்டு பேரனை எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அவனுக்கு இன்னொன்று: உள்ளே மணி காட்டும் கல் இருக்கிறது. மேலே உள்ள பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் நிழல் விழுகிற எண்தான் மணி. செல்போனோடு ஒத்துப் பார்த்துவிட்டு, "பாட்டி, போன் தப்பா காட்டுது" என்று சொல்லாவிட்டால் என்னைக் கேளுங்கள். வெயில் இருக்கிற நாளாகப் பார்த்துப் போங்கள்.

திரும்பி வேலூர் வந்தால் பாலாற்றுப் பக்கம் முத்து மண்டபம். கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அடக்கமான இடம். இவர் மதுரை நாயக்கர் வழி, சின்ன வயதுப் பெயர் கண்ணுசாமி. 1815-ல் பிடிபட்டு, வேலூர்க் கோட்டையில் 1832-ல் சாகும்வரை கைதியாகவே இருந்தார். மேலே சொன்ன சதுரங்கப் பலகைக்குச் சொந்தக்காரர்.

எங்கள் நிலத்து ஓரம் ஒரு கல் இருக்கிறது. வில் பிடித்த ஆள் உருவம், மேலே ஏதோ எழுத்து. வேடியப்பன் என்று கும்பிடுகிறோம். பையன்கள் அதற்கு பெயிண்ட் அடித்து, சின்னதாகச் சிமெண்ட் கோயில் கட்டலாம் என்கிறார்கள். ஒருவர் வந்து, மியூசியத்துக்குக் கொடுத்துவிடுங்கள் என்கிறார். எது சரி?
– ஒரு விவசாயி, செங்கம் அருகே

ஐயா, உங்கள் கடிதத்துக்காகத்தான் இந்தப் பகுதியையே எழுத உட்கார்ந்தேன். முதலில் பையன்களை நிறுத்துங்கள். பெயிண்ட் வேண்டாம், சிமெண்ட் வேண்டாம். எங்கள் பக்கம் ஒரு கோயிலில் திருப்பணி என்று இயந்திரம் வைத்து மணலைப் பீய்ச்சிக் கல்லைப் "பளிச்" ஆக்கினார்கள். பளிச்சென்றுதான் ஆனது, எழுத்தும் சேர்ந்து போயிற்று. கும்பிடுவதில் தப்பே இல்லை, நீங்கள் கும்பிட்டதால்தான் அந்தக் கல் இத்தனை வருடம் துணி துவைக்கப் போகாமல் நின்றிருக்கிறது.

உங்கள் கல் நடுகல்லாக இருக்கலாம், சண்டையில் செத்த வீரருக்கு நட்ட கல். செங்கம் நடுகற்கள் என்றால் தமிழ் எழுத்து படித்தவர்களுக்கு அது ஒரு பெரிய புதையல். பல்லவர் காலத்து வட்டெழுத்து என்கிற பழைய தமிழ் எழுத்தில், மாடு மீட்கப் போய் செத்தவர்களின் பெயர், அவர்கள் யாருக்குச் சேவகம் செய்தார்கள் என்பது வரை எழுதியிருக்கும். எடுத்தனூர்க் கல்லைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மகேந்திரவர்மனின் 34-ம் ஆட்சியாண்டில் எருமைகளைக் காக்கப் போய் இறந்த கருந்தேவகத்திக்கு எடுத்த கல். பக்கத்திலேயே ஒரு நாய். கோவிவன் என்று அதன் பெயர், கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று அதற்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். 1400 வருடம் முன்னால் வாழ்ந்த எத்தனையோ பெரிய மனிதர் பெயர் நமக்குத் தெரியாது, ஒரு நாயின் பெயர் தெரியும்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டாதீர்கள், ஆணி, பிளேடு எதுவும் படக்கூடாது. சாயங்காலம் வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும்போது போட்டோ எடுங்கள், உச்சி வெயிலில் தெரியாத எழுத்து அப்போது எழுந்து நிற்கும். போட்டோவைக் கிராம நிர்வாக அலுவலரிடம் காட்டி, தொல்லியல் துறைக்கு ஒரு மனு போடுங்கள். அவர்கள் வந்தால் கல்லைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். தண்ணீர் விட்டுக் கழுவி, ஈரக் காகிதத்தை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டிப் பள்ளத்துக்குள் இறக்கி, மேலே மை ஒற்றுவார்கள். மைப்படி என்று பெயர். எழுத்து வெள்ளையாகக் காகிதத்தில் வந்துவிடும், கல் இருந்த இடத்திலேயே இருக்கும். அன்று பையன்களைப் பக்கத்தில் நிற்க வையுங்கள்.

மியூசியத்துக்குக் கொடுப்பதா? என் கருத்து, கும்பிடுகிற ஆள் இருக்கிறவரை கல் அங்கேயே நிற்கட்டும். சாலை விரிவு, மண் அள்ளுவது என்று ஆபத்து வந்தால் அப்போது கொடுங்கள். ஆனால் ஒன்று, உழும்போது மண்ணுக்குள்ளிருந்து காசோ சிலையோ புதிதாகக் கிடைத்தால் அதில் இஷ்டம் கிஷ்டம் கிடையாது. 1878-ம் வருடப் புதையல் சட்டம் இருக்கிறது, கலெக்டருக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும்.

நீங்கள் பாட்டுக்கு வட ஆற்காடு என்று எழுதுகிறீர்கள். அப்படி ஒரு மாவட்டமே இப்போது இல்லையே?
– ஒரு கல்லூரி மாணவி, காட்பாடி

இல்லைதான் கண்ணு. 1911 வரை சித்தூரும் நம்மோடுதான் இருந்தது, அதுவரை தலைநகரமே சித்தூர்தான். 1989-ல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. இத்தனை பிரித்த பிறகு செங்கத்துக் கல்லையும், ஆற்காட்டு வாசலையும், மேல்பாடிப் பள்ளிப்படையையும் ஒரே பெயரில் சொல்ல வேறு வார்த்தை என்னிடம் இல்லை. உன்னிடம் இருந்தால் எழுது. நீ காட்பாடி என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன், மேல்பாடி உனக்குப் பக்கம்தான். போனால் அந்தத் தாத்தா இருக்கிறாரா, சாவி இப்போது யாரிடம் என்று கேட்டு ஒரு கார்டு போடு. போன தடவை நான் போனபோது கடைக்காரர் மாறியிருந்தார்.