பூஜ்யம் என்றால் நோய் இல்லை என்று அர்த்தமா?
பறவைக் காய்ச்சல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஒரு நாட்டில் வாரம் தவறாமல் பறவைக் காய்ச்சல் பதிவாகிறது. ஒட்டியிருக்கும் நாடு ‘பாதிப்பு இல்லை’ என்கிறது. வலசைப் பறவைகளுக்கு எல்லைக்கோடு தெரியாதே! இது மறைப்புதானே?

மறைப்பாகவும் இருக்கலாம்; அப்படி நடந்திருக்கிறது. தாய்லாந்தில் 2003 கடைசியில் கோழிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தபோது, அது கோழிக் காலரா என்றுதான் அரசுத் தரப்பு சொல்லிவந்தது. பறவைக் காய்ச்சலை உண்டாக்கும் எச்5என்1 வைரஸ் என்று ஒப்புக்கொண்டது 2004 ஜனவரி 23-இல். கோழி இறைச்சி ஏற்றுமதியில் முன்வரிசையில் இருந்த நாடு அது. செய்தி வெளியான கையோடு ஜப்பானும் ஐரோப்பிய ஒன்றியமும் இறக்குமதியை நிறுத்தின. உண்மையைச் சொன்னால் அன்றே நஷ்டம் என்ற நிலைதான் மறைக்கத் தூண்டுகிறது. பண்ணைக்காரருக்கும் இதே கணக்குதான். இழப்பீடு சந்தை விலையைவிடக் குறைவு, அதுவும் பல மாதம் கழித்து வரும் என்றால், நோய்கண்ட கோழியை அவர் இரவோடு இரவாக விற்றுவிடுவார்.

ஆனாலும் பெரும்பாலான பூஜ்யங்கள் தேடாததால் வந்தவை என்பதே எங்கள் கருத்து. 2013-இல் சீனாவில் வந்த எச்7என்9 என்ற இன்னொரு பறவைக் காய்ச்சல் வைரஸ் கோழிகளிடம் நோய்க்குறி எதையும் காட்டவில்லை. மனிதர்கள் நோயுற்றுச் சாகத் தொடங்கிய பிறகே அது வெளிப்பட்டது. ஆகவே ‘பாதிப்பு இல்லை’ என்ற அறிக்கையைப் பார்த்தால், எத்தனை மாதிரிகளைச் சோதித்தார்கள், எங்கிருந்து எடுத்தார்கள் என்று தேடுங்கள். அந்த எண் இல்லாவிட்டால் அந்தப் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை.

கேள்வி: உலக விலங்கு சுகாதார அமைப்பின் தளத்தில் நாடுகள் அனுப்பும் அறிக்கைகளைப் படிக்கிறேன். அதில் எதைக் கவனிக்க வேண்டும்?

மூன்று தேதிகளை: பறவைகள் சாகத் தொடங்கிய நாள், ஆய்வகம் உறுதிசெய்த நாள், அறிக்கை அனுப்பிய நாள். நாடுகள் 24 மணி நேரத்தில் அறிவிக்க வேண்டும் என்பது விதி. ஆனால் நோய் உறுதியான பிறகுதான் அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. அதனால் இரண்டாவது, மூன்றாவது தேதிகளுக்கு நடுவே பெரும்பாலும் குறை தெரியாது. முதல் இரண்டு தேதிகளுக்கு இடையில் மூன்று வாரம் ஓடியிருந்தால் அங்கேதான் கேள்வி எழுப்ப வேண்டும்.

அந்த இடைவெளிக்குச் சாதாரணக் காரணங்களும் உண்டு. அழுகிய பறவையிலிருந்து எடுத்த மாதிரியில் வைரஸ் சிதைந்திருக்கும். தொண்டையிலிருந்தும் எச்சத்துளையிலிருந்தும் மாதிரி எடுக்கச் செயற்கை இழைக் குச்சிதான் வேண்டும். மரக்குச்சியும் கால்சியம் ஆல்ஜினேட் என்ற இழையாலான முனையும், வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனையைக் கெடுக்கும். மாதிரியை 4 டிகிரி செல்சியஸில் வைத்து இரண்டு நாளுக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். அதற்கு வழியில்லை என்றால் மைனஸ் 70-க்குக் கீழே உறையவைக்க வேண்டும். வீட்டு ஃப்ரீசரில் மைனஸ் 20-இல் நாள்கணக்கில் கிடந்த மாதிரி ‘நெகட்டிவ்’ என்று வந்தால் நம்ப முடியாது.

அடுத்தது எண்ணிக்கை. ஒரு மந்தையில் பத்தில் ஒரு பறவைக்குத் தொற்று என்று வையுங்கள். கண்ணில்பட்ட ஐந்து பறவைகளைச் சோதித்தால் தொற்று அகப்படும் வாய்ப்பு 41 சதவீதம்தான். 95 சதவீத உறுதி வேண்டுமானால் 29 பறவைகள் தேவை. புதிதாகச் செத்தவற்றில் தொற்று இருக்கும் வாய்ப்பு மிக அதிகம் என்பதால், அவற்றிலிருந்தே எடுத்தால் நான்கைந்து போதும். எந்தப் பறவை என்று சொல்லாமல் ‘மாதிரிகள் சோதிக்கப்பட்டன’ என்று மட்டும் எழுதும் அறிக்கை எதையும் சொல்லவில்லை.

கேள்வி: மனிதருக்கு வந்தால் பாதிப் பேர் இறந்துவிடுவார்கள் என்கிறார்களே, உண்மையா?

உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் 2003 முதல் 900-க்கும் மேற்பட்ட எச்5என்1 நோயாளிகள் இருக்கிறார்கள். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் இறந்தார்கள். ஆனால் பட்டியலில் ஏறியவர்களில் பலர் மருத்துவமனைக்குப் போகும் அளவுக்கு முற்றியவர்கள். இலேசாக வந்து போனவர்கள் கணக்கில் வருவது அரிது. அமெரிக்காவில் 2024-இல் பண்ணைத் தொழிலாளர்களைத் தேடிச் சோதித்தபோது, பெரும்பாலோருக்குக் கண் சிவந்து நீர்வடிந்ததோடு சரி. மூக்கில் மட்டும் மாதிரி எடுத்தால் இவர்களில் சிலரைத் தவறவிடுவோம், கண்ணிலும் எடுக்க வேண்டும். இதை வைத்து ஆபத்தில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 2025 ஜனவரியில் லூசியானாவில் ஒருவர் இறந்தார்.

கேள்வி: ஏழை நாடுகள்தான் தகவல் தர மறுக்கின்றனவா?

இல்லை. அமெரிக்காவில் கறவை மாடுகளுக்கு எச்5என்1 வந்ததை 2024 மார்ச் 25-இல் அறிவித்தார்கள். ஆனால் வைரஸின் மரபணுவை ஆராய்ந்தபோது, அது பல வாரங்கள், ஒருவேளை மாதங்களுக்கு முன்பே மாடுகளிடம் தாவியிருந்தது தெரிந்தது. பால் குறைகிறது, சீம்பால்போலக் கெட்டிப்படுகிறது என்று பண்ணைகள் சொல்லிக்கொண்டிருந்தன; மாட்டுக்குப் பறவைக் காய்ச்சல் வரும் என்று யாரும் தேடவில்லை. வைரஸ் அதிகம் இருந்ததோ பாலில். ஏப்ரலில் வேளாண் துறை மரபணு வரிசைகளை வெளியிட்டபோதும், எந்த மாநிலம், எந்த நாள் என்ற விவரத்தைத் தரவில்லை. நாளும் இடமும் இல்லாத வரிசையை வைத்துப் பரவலின் பாதையை வரைய முடியாது. விஞ்ஞானிகள் கோபப்பட்டது நியாயமே.

இந்தோனேசியா 2006 கடைசியில் உலக சுகாதார நிறுவனத்துக்கு வைரஸ் மாதிரிகளை அனுப்புவதை நிறுத்தியது வேறு விஷயம். தங்கள் மாதிரியிலிருந்து செய்யும் தடுப்பூசி தங்களுக்கே எட்டாத விலையில் வரும் என்பது அவர்கள் வாதம். அந்த நியாயத்தை ஏற்றுத்தான் 2011-இல் மாதிரிப் பகிர்வுக்கும், அதனால் கிடைக்கும் தடுப்பூசி போன்ற பலன்களின் பகிர்வுக்கும் சேர்த்து உலக சுகாதார நிறுவனம் ஓர் ஏற்பாடு கொண்டுவந்தது.

கேள்வி: ஓர் அரசு வாய் திறக்காவிட்டால் உலக சுகாதார நிறுவனம் கைகட்டி நிற்க வேண்டியதுதானா?

வேண்டியதில்லை. 2007-இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச சுகாதார விதிகளின்படி, பத்திரிகைச் செய்தி, மருத்துவர் தகவல் போன்ற அரசு சாராத தகவலை வைத்தும் அது விளக்கம் கேட்கலாம். கேட்கப்பட்ட நாடு 24 மணி நேரத்துக்குள் முதல் பதிலைத் தர வேண்டும். ஆனால் அனுமதியில்லாமல் உள்ளே போய்ச் சோதிக்கும் அதிகாரம் அதற்குக் கிடையாது.